அந்தத் தேதி நெருங்கும்போது

நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்தவர்களிடம் மனம் விட்டுப் பேசினால், பெரும்பாலும் ஒரு விஷயத்தைச் சொல்வார்கள். நினைவுநாளைக்கூட எப்படியோ ஓட்டிவிடுகிறோம், அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து நாட்கள்தான் தாங்க முடியவில்லை என்று. தூக்கம் கெட்டுப்போகிறது. சாப்பாடு இறங்குவதில்லை. ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வீட்டில் எரிந்து விழுகிறார்கள். அலுவலகத்தில் ஒரே கடிதத்தை நாலு தடவை படித்தும் மண்டையில் ஏறுவதில்லை. நமக்கு என்ன ஆச்சு என்று குழம்பிக்கொண்டிருக்கும்போது தற்செயலாகத் தேதியைப் பார்க்கிறார்கள். அடுத்த வாரம் அந்த நாள்.

காரணம் பிடிபட்டதும் சிலருக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். சிலருக்கு ஒருவித நிம்மதி. இன்னும் சிலருக்குப் பயம் வந்துவிடும்: இத்தனை வருஷம் ஆகியும் நான் இதிலிருந்து மீளவே இல்லையா? சுற்றி இருப்பவர்களும் அதையேதான் கேட்பார்கள், கொஞ்சம் நாகரிகமாக. இந்தக் கேள்வியே தப்பான இடத்திலிருந்து கிளம்புகிறது என்பது என் எண்ணம். நினைவுநாளில் துக்கம் திரும்பி வருவது மனித மனம் இயல்பாகச் செய்யும் வேலை. அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு அதனோடு மல்லுக்கட்டும்போதுதான் அந்த நாள் இன்னும் கனமாகிவிடுகிறது.

தேதி உடம்புக்கு எப்படித் தெரிகிறது?

மருத்துவ உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கி நூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. வியன்னாவில் சிக்மண்ட் பிராய்ட் 1895-ல், தன் குடும்பத்தில் பலருக்கு நோயில் பணிவிடை செய்து, அவர்களை ஒவ்வொருவராக இழந்த ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு இழப்பும் நடந்த தேதி வரும்போது அந்தக் காட்சிகள் அவர் கண் முன்னால் அப்படியே வந்து நிற்கும். தேதி பிசகாமல் அழுவார். 1953-ல் ஜோசபின் ஹில்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டார். சிறுவயதில் தாயையோ தந்தையையோ இழந்த சிலர், பல ஆண்டுகள் நன்றாக வாழ்ந்துவிட்டு, தங்கள் சொந்தக் குழந்தை அதே வயதை எட்டும்போது திடீரென்று மனம் உடைந்து மருத்துவமனைக்கு வந்திருந்தார்கள். அங்கே நாட்காட்டித் தேதி எதுவும் இல்லை. குழந்தையின் வயதே தேதியாகிவிட்டது.

ஜார்ஜ் எங்கல் என்ற மருத்துவர் இதைத் தன்னிடமே பார்த்தார். அவருடைய இரட்டைச் சகோதரர் 1963-ல் மாரடைப்பில் இறந்தார். ஒரு வருடம் நிறைவதற்குள் எங்கலுக்கும் மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்ட அவர், அதன்பின் ஒவ்வொரு ஆண்டும் அந்த நாட்களில் தன் கனவுகளிலும் நடத்தையிலும் என்ன மாறுகிறது என்று குறித்துவைத்து 1975-ல் வெளியிட்டார். மருத்துவம் படித்தவர், மனமும் உடலும் ஒன்றையொன்று பாதிப்பது பற்றியே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். அவராலேயே அதைத் தடுக்க முடியவில்லை, கவனிக்கத்தான் முடிந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏன் இப்படி? பெரிய அதிர்ச்சி நேரும்போது உடம்பில் அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் பெருகுகின்றன. அந்த நேரத்தில் பதியும் நினைவுகள் சாதாரண நினைவுகளைவிட ஆழமாகப் பதிகின்றன. என்ன நடந்தது, எங்கே, எப்போது என்பதைக் கோக்கும் வேலையை மூளையில் ஹிப்போகேம்பஸ் செய்கிறது என்றால், அதன் பக்கத்திலேயே இருக்கும் அமிக்டலா அதன்மேல் உணர்ச்சியின் முத்திரையைக் குத்துகிறது. நிகழ்ச்சி மட்டும் தனியாகப் பதிவதில்லை. அன்றைய வெயில் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, காற்றில் ஈரம் இருந்ததா, ஆஸ்பத்திரி வராந்தாவில் எந்தக் கிருமிநாசினி வாசனை அடித்தது, எல்லாம் சேர்ந்தே உள்ளே போகிறது. எண்டல் டல்விங் என்ற உளவியலாளர் 1973-ல் விளக்கியது இதைத்தான்: ஒரு நினைவு பதிந்தபோது உடன் இருந்தவை மறுபடி எதிர்ப்பட்டால், அந்த நினைவு எளிதாக மேலே வரும். வாசனைக்கு இதில் தனி இடம் உண்டு. பார்த்ததும் கேட்டதும் மூளையின் நடுவில் இருக்கும் தாலமஸ் வழியாகச் சுற்றிப் போகின்றன. வாசனைக்கு அமிக்டலாவுக்குக் கிட்டத்தட்ட நேர்வழி. அதனால்தான் ஒரு சோப்பின் மணம், ஒரு தைலத்தின் நெடி, யோசிப்பதற்கு முன்பே ஆளைச் சாய்த்துவிடுகிறது.

பருவம் மாறும்போது வெளிச்சம் மாறுகிறது, பொழுது விடியும் நேரம் மாறுகிறது, சுற்றியிருப்பவர்களின் வேலை ஒழுங்கு மாறுகிறது. இவையெல்லாம் சேர்ந்து, நாம் தேதியைப் பார்ப்பதற்கு முன்பே உடம்புக்குத் தகவல் சொல்லிவிடுகின்றன. வளைகுடாப் போரில் பங்கேற்ற அமெரிக்க வீரர்களை ஆறு ஆண்டுகள் கழித்து விசாரித்த ஓர் ஆய்வு 1999-ல் வெளியானது. வருடத்தில் தங்களுக்கு மிக மோசமான மாதம் என்று அவர்கள் சொன்னது, போரில் அவர்களுக்கு மிகக் கொடிய அனுபவம் நேர்ந்த மாதத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போனது.

யாருக்கும் தெரியாத நாட்கள்

நினைவுநாள் என்றதும் எல்லோரும் இறந்த தேதியைத்தான் நினைக்கிறார்கள். துக்கத்தில் இருப்பவரின் நாட்காட்டி அதைவிட நெரிசலானது. அவர் பிறந்தநாள், திருமண நாள், நோய் என்னவென்று மருத்துவர் சொன்ன நாள், கடைசியாகப் போனில் பேசிய நாள், வீட்டிலிருந்து நடந்தே வெளியே போன கடைசி நாள். அப்பா இறந்த வயதை மகன் எட்டும் பிறந்தநாள் இன்னொன்று. அதைத் தாண்டும்போது, இனி நான் அப்பாவைவிட மூத்தவன் என்ற எண்ணம் பலரை உலுக்கிவிடுகிறது. வெளியே கேக் வெட்டிக்கொண்டிருப்பார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சில நாட்களை வெளியே சொல்லவே முடியாது. கருக்கலைந்துபோன ஒரு தாய்க்கு, மருத்துவர் குறித்துக்கொடுத்த பிரசவத் தேதி வருடா வருடம் வரும். இந்நேரம் மூன்று வயது, இந்நேரம் பள்ளிக்கூடம் என்று மனம் கணக்குப் போடும். பிரிந்துபோன முன்னாள் கணவர் இறந்தால் அழுவதற்கு உனக்கென்ன உரிமை என்று கேட்பார்கள். வெளியே தெரியாத காதல், பத்து வருடம் கூடவே வளர்ந்த நாய், விவாகரத்து நடந்த தேதி, எல்லாம் இந்த வரிசைதான். ஊர் ஒப்புக்கொள்ளாத இத்தகைய துக்கத்தைப் பற்றி 1989-ல் கென்னத் டோகா விரிவாக எழுதினார். துக்கத்தின் வலி ஒரு பக்கம், அதை மறைத்துக்கொண்டு அன்றைக்கும் சிரித்துப் பேசவேண்டிய கட்டாயம் இன்னொரு பக்கம். இப்படிப்பட்ட ஒரு நாள் உங்களுக்கு இருந்தால், அதைத் துக்க நாள் என்று கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இதிலும் கொடுமையானது, தேதியே இல்லாத இழப்பு. காணாமல் போனவர்களின் குடும்பங்கள். வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் மனைவிகளிடம் பேசிய பாலின் பாஸ், 1970-களிலிருந்து இதைப் பற்றி எழுதிவந்தார். இறந்தார் என்று அழவும் முடியாது, இருக்கிறார் என்று காத்திருக்கவும் முடியாது. அந்தக் குடும்பங்களுக்குக் கடைசியாகப் பார்த்த நாள்தான் இருக்கிறது. அன்றைக்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரிவதில்லை. நினைவுகூர்ந்தால் நம்பிக்கையைக் கைவிட்டதாக ஆகுமோ என்று பயம். பாஸ் சொன்ன வழி எனக்குச் சரியாகப் படுகிறது: இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கட்டும். அவர் வரலாம், வராமலும் போகலாம். இன்றைக்கு அவர் இல்லை, அதற்காக அழுகிறோம்.

இந்தக் காலத்துக்கே உரிய தொல்லை ஒன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. 'மூன்று வருடங்களுக்கு முன் இதே நாளில்' என்று போன் ஒரு படத்தை எடுத்து நீட்டும். படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருப்பார். நீங்கள் மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பீர்கள். பேஸ்புக்கிலும் கூகுள் போட்டோஸிலும் குறிப்பிட்ட ஆளையோ குறிப்பிட்ட தேதிகளையோ இந்த நினைவூட்டல்களில் காட்டாமல் செய்ய முடியும். படங்கள் அழியாது, அவை நம்மைத் தேடி வராது, அவ்வளவுதான். நாமாகப் போய்ப் பார்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம். இதை அந்த வாரத்தில் செய்ய உட்கார்ந்தால் படங்களிலேயே மூழ்கிவிடுவோம், அதனால் முன்கூட்டியே செய்துவிடுவது நல்லது.

மீள வேண்டும் என்று யார் சொன்னது?

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, அவற்றை ஏறி முடித்தால் துக்கம் முடிந்தது என்று பலர் நம்புகிறார்கள். எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-ல் இந்த ஐந்தையும் சொன்னது, தாங்களே மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து. பின்னாளில் அது பறிகொடுத்தவர்களின் பாதையாகவும் பரவிவிட்டது. துக்கப்படுகிறவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் அப்படி வரிசையாகப் படியேறுவது பொதுவிதியாகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டிருப்பவருக்கு ஒவ்வொரு நினைவுநாளும் ஏற்பிலிருந்து மறுபடி முதல் படிக்குச் சறுக்கியதாகத் தெரிகிறது. செய்யாத தப்புக்குத் தன்னையே தண்டித்துக்கொள்கிறார்.

பிராய்டின் கதை இங்கே இன்னொரு முறை வருகிறது. 1917-ல் அவர் எழுதிய கட்டுரையில், துக்கத்தின் வேலை என்பது இழந்தவரிடமிருந்து மனதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுத்து வேறிடத்தில் வைப்பது என்றார். மூன்று வருடத்தில், 1920 ஜனவரியில், அவருடைய மகள் சோஃபி விஷக்காய்ச்சலில் இறந்துபோனாள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1929 ஏப்ரல் 12 அன்று, மகனைப் பறிகொடுத்திருந்த நண்பர் லுட்விக் பின்ஸ்வாங்கருக்கு பிராய்ட் ஒரு கடிதம் எழுதினார். இறந்த தன் மகளுக்கு இன்றோடு முப்பத்தாறு வயது ஆகியிருக்கும் என்று அதில் குறிப்பிட்டார். ஆரம்பத்தின் கடும் துக்கம் அடங்கும், ஆனாலும் ஆறுதல் முழுமையாகக் கிடைக்காது, அந்த இடத்தை எது நிரப்பினாலும் அது வேறொன்றாகத்தான் இருக்கும், அப்படி இருப்பதே சரி என்பது அந்தக் கடிதத்தின் சாரம். கோட்பாட்டில் பிரித்தெடுக்கச் சொன்னவர், மகளின் பிறந்தநாளன்று வேறு விதமாக எழுதினார். நான் அந்தக் கடிதத்தின் பக்கம்தான்.

ஆய்வாளர்களும் பின்னால் அந்தப் பக்கமே வந்தார்கள். டென்னிஸ் கிளாஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1996-ல், பறிகொடுத்தவர்களில் பலர் இறந்தவரோடு உறவை அறுத்துக்கொள்வதில்லை, அதை வேறு வடிவில் தொடர்கிறார்கள் என்று எடுத்துக்காட்டினார்கள். மனதுக்குள் பேசுவது, அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்து முடிவெடுப்பது, அவர் சட்டையைப் பத்திரமாக வைத்திருப்பது, எல்லாம் ஆரோக்கியமாக வாழ்கிறவர்களும் செய்கிற காரியங்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரூபியும் ஹென்க் ஷுட்டும் 1999-ல் இன்னொன்றைச் சேர்த்தார்கள். துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார்; இந்தப் போய்வரல்தான் மனதைத் தாங்கிப் பிடிக்கிறது. காலையில் படத்தைப் பார்த்து அழுதுவிட்டு, மத்தியானம் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது வேஷமும் கிடையாது, துரோகமும் கிடையாது. நினைவுநாள் என்பது மனம் இழப்பின் பக்கம் அதிக நேரம் இருக்கும் நாள். அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒன்றுமே தோன்றாதவர்களும் உண்டு. தேதி வந்து போனதே தெரியாமல் இரண்டு நாள் கழித்து ஞாபகம் வரும், உடனே குற்ற உணர்ச்சி பிடித்துக்கொள்ளும். துணையை இழப்பதற்கு முன்பிருந்தே முதியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வை ஜார்ஜ் பொனானோவும் அவருடைய குழுவும் 2002-ல் வெளியிட்டார்கள். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் இழப்புக்குப் பிறகும் பெரிதாக நிலைகுலையாமல் இருந்தார்கள். பாசம் குறைவாக இருந்ததுதான் காரணம் என்று சொல்ல அந்த ஆய்வில் இடமில்லை. அழுகையின் அளவை வைத்து அன்பை அளக்கவே கூடாது.

அந்த நாளை எப்படி நடத்துவது?

நாள் எப்படியும் வரும். அது எந்த வடிவில் வரவேண்டும் என்பதில் நமக்குக் கொஞ்சம் பிடி இருக்கிறது. ஒன்றும் தீர்மானிக்காமல் விட்டால் அன்றைக்குக் காலையில் எழுந்ததும் பதினாறு மணி நேரம் வெறுமையாக முன்னால் நிற்கும், அல்லது வழக்கமான வேலைக்கு நடுவில் எதிர்பாராத இடத்தில் உடைந்துபோவோம். ஒரு வாரம் முன்பே மூன்று விஷயங்களை யோசித்து வைத்தால் போதும்: எங்கே இருக்கப் போகிறேன், யாரோடு, அவருக்காக ஒன்றே ஒன்று என்ன செய்யப் போகிறேன். அந்த ஒன்று சின்னதாக இருக்கட்டும். அவர் நடந்த பாதையில் ஒரு நடை, அவருக்கு ஒரு பக்கக் கடிதம், அவர் பெயரில் யாருக்காவது ஓர் உதவி. பெரிய ஏற்பாடு செய்தால் வேலைப் பளுவில் நாள் போய்விடும், துக்கப்பட நேரம் இருக்காது. சிலருக்கு அதுதான் வேண்டியிருக்கிறது என்றால், சரி, அதுவும் ஆகட்டும்.

திட்டத்தோடு, அதைக் கைவிடும் உரிமையையும் வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேரை வரச்சொல்லியிருப்போம், காலையில் யாரையும் பார்க்கப் பிடிக்காது. "முடியலைன்னா கடைசி நேரத்துல வேண்டாம்னு சொல்லிடுவேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று முன்பே சொல்லிவைத்தால் இரண்டு பக்கமும் சங்கடம் இல்லை. வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதற்கும் பொதுவிதி கிடையாது. போகிறவர்கள் ஒரே ஒரு சகஊழியரிடமாவது இன்ன நாள் என்று சொல்லிவைப்பது நல்லது. முக்கியமான முடிவு, கறாரான பேச்சுவார்த்தை, நீண்ட தூரம் வண்டி ஓட்டுவது, இவற்றை அந்த வாரத்திலிருந்து தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். துக்கம் கவனத்தைத் தின்றுவிடும்.

நினைக்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது மட்டும் பலன் தருவதில்லை. 1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர், சிலரிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி ஐந்து நிமிடம் நினைக்காமல் இருக்கச் சொன்னார். அவர்களால் முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. ஒரு கரடிக்கே இப்படி என்றால் பெற்ற பிள்ளைக்கு எப்படி இருக்கும்? ஒரு அரைமணி நேரத்தை ஒதுக்கி, படத்தையும் கடிதத்தையும் எடுத்துவைத்து, வேண்டிய மட்டும் நினைத்து அழுதுவிட்டு, முகம் கழுவி வேறு வேலைக்குப் போவது பலருக்கு நடைமுறையில் கைகொடுக்கிறது. மனதில் ஓடுவதற்குப் பெயர் வைத்துச் சொல்வதும் உதவுகிறது. மேத்யூ லீபர்மனின் குழு 2007-ல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வில், உணர்ச்சியை வார்த்தையில் சொல்லும்போது அமிக்டலாவின் துடிப்பு குறைந்தது தெரிந்தது. 'மனசு சரியில்லை' என்பதோடு நிறுத்தாமல், இது கோபமா, ஏக்கமா, பயமா, அவர்மேலேயே எரிச்சலா என்று பிரித்துச் சொல்லிப் பாருங்கள். நீண்ட நோய்க்குப் பிறகு நடந்த மரணம் என்றால் அதில் நிம்மதியும் கலந்திருக்கும். அதையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். அவர் பட்ட வேதனை முடிந்ததே என்று நினைப்பதில் குற்றம் ஒன்றுமில்லை.

இருப்பதிலேயே கடினமானது குற்ற உணர்ச்சி. நினைவுநாளில் மனம் கடைசி மணி நேரங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும், ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் போய் நிற்கும். ஒரு மகளை நினைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா, நெஞ்சு கரிக்குது என்கிறார். "மாத்திரை போட்டுட்டுப் படுங்கப்பா, காலையில பாக்கலாம்" என்கிறாள். விடிவதற்குள் அவர் போய்விடுகிறார். அதன்பின் எல்லா வருடமும் அந்தத் தேதியில் ஆறு மணி ஆனால் அவளுக்குக் கை நடுங்குகிறது. உடனே கூட்டிக்கொண்டு போயிருந்தால், உடனே கூட்டிக்கொண்டு போயிருந்தால்.

அவளிடம் 'உன் தப்பு இல்லை' என்று நூறு பேர் சொல்லியிருப்பார்கள். ஒன்றும் உள்ளே போயிருக்காது. பாருக் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர் 1975-ல் காட்டிய ஒரு விஷயம் இங்கே உண்மையிலேயே உதவும். முடிவு என்னவென்று தெரிந்த பிறகு, அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய ஒன்றாகவே மனிதர்களுக்குத் தோன்றுகிறது. தங்களுக்கு முன்பு தெரியாதிருந்தது என்பதையே மறந்துவிடுகிறார்கள். காலையின் தகவலை வைத்துக்கொண்டு முந்தைய சாயங்காலத்தைத் தீர்ப்பளிக்கிறாள் அந்த மகள். அவள் ஒரு காகிதத்தில் ஆறு மணிக்குத் தனக்குத் தெரிந்திருந்ததை மட்டும் எழுதிப் பார்க்கலாம். அப்பாவுக்கு இதே கரிப்பு பல தடவை வந்திருக்கிறது. எல்லாத் தடவையும் அதே மாத்திரையில் சரியாகியிருக்கிறது. மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டார். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டதற்கு அவரே வேண்டாம் என்றார். இவ்வளவுதான் அவள் கையில் இருந்தது. இதை வைத்துக்கொண்டு பாசமுள்ள எந்த மகளும் அதையேதான் சொல்லியிருப்பாள். காகிதத்தில் வரிசையாகப் பார்க்கும்போது மனம் கொஞ்சம் இளகுவதற்கு வாய்ப்பு இருக்கிறது. உண்மையிலேயே தப்பு நடந்திருந்தாலும், ஒரு கடுஞ்சொல், ஒரு அலட்சியம், ஓர் உறவின் மொத்தத்தையும் கடைசி நாளை வைத்து எடைபோடுவது நியாயமில்லை. நாற்பது வருட உறவில் அது ஒரு சாயங்காலம்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. துக்கம் இதயத்தை நிஜமாகவே தாக்கும். பிரிட்டனில் 55 வயதைக் கடந்த, மனைவியை இழந்த 4,486 ஆண்களைக் கவனித்த காலின் மர்ரே பார்க்ஸின் குழு, முதல் ஆறு மாதத்தில் அவர்களின் இறப்பு விகிதம் வழக்கத்தைவிட 40 சதவீதம் அதிகமாக இருந்ததை 1969-ல் அறிவித்தது. கடும் மனவேதனையில் இதயத்தின் கீழ்ப்பகுதி தற்காலிகமாக உப்பிச் செயலிழக்கும் ஒரு நிலையை 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே இது அதிகம் வருகிறது, பெரும்பாலானோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். பார்ப்பதற்கு அச்சு அசல் மாரடைப்பு. ஆகவே அந்த நாட்களில் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் துக்கத்தால்தான் என்று நீங்களாகவே முடிவு கட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மதுவையும் தூக்க மாத்திரையையும் துக்கத்துக்கு மருந்தாக எடுக்காதீர்கள். மது தூங்க வைப்பதுபோல் வைத்து, நடுராத்திரியில் எழுப்பி உட்காரவைத்துவிடும்.

இரண்டாவது வருடம் முதல் வருடத்தைவிடக் கடினமாக இருந்தது என்று சொல்பவர்கள் நிறைய. முதல் வருடம் மரத்துப்போன நிலையிலேயே ஓடிவிடுகிறது, சுற்றிலும் ஆட்களும் இருக்கிறார்கள். இரண்டாவது வருடம் மரப்பும் இல்லை, ஆட்களும் இல்லை. இது தெரிந்திருந்தால் அதிர்ச்சி குறையும்.

எப்போது உதவி தேவை?

நினைவுநாளைச் சுற்றிச் சில வாரங்கள் கலங்கிவிட்டுத் தேறுவது வேறு. வருடம் முழுக்க, அநேகமாகத் தினமும், ஏக்கம் ஆளை அமுக்கி, வேலை, உறவு, தன்னையே பார்த்துக்கொள்வது எல்லாம் நின்றுபோவது வேறு. பின்னதை நீடித்த துக்கக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். அதே ஆண்டு வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. இதற்கென்றே சிகிச்சை இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் காதரின் ஷியர் உருவாக்கிய முறை சுமார் 16 அமர்வுகள் கொண்டது. மரணத்தின் கதையைப் பாதுகாப்பான சூழலில் திரும்பச் சொல்லவும், தள்ளிவைத்த இடங்களுக்கும் வேலைகளுக்கும் மெல்லத் திரும்பவும் அது பழக்குகிறது. இறந்தவரை மறக்கவைப்பது அதன் நோக்கம் கிடையாது. அந்தப் பயத்தில்தான் பலர் போகாமல் இருக்கிறார்கள்.

அவரோடு நானும் போய்விட்டால் என்ன என்ற எண்ணம் வந்தால், நினைவுநாள் கடக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, அந்த நேரத்திலேயே, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், உங்கள் ஊரில் உள்ள தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ மருத்துவமனையையோ அணுகுங்கள். தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பங்கள் தங்களில் யாரையும் அந்த நாளில் தனியாக விடாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு

நண்பருக்கு நினைவுநாள் என்று தெரியும், ஆனால் பேசினால் ஞாபகப்படுத்தியதாக ஆகிவிடுமோ என்று ஒதுங்குகிறோம். அவர் ஒரு வாரமாக வேறெதையும் நினைக்கவில்லை. ஊரே வாயை மூடிக்கொள்ளும்போது, இறந்தவர் இருந்ததே எல்லோருக்கும் மறந்துவிட்டதோ என்றுதான் அவருக்குத் தோன்றுகிறது. பெயரைச் சொல்லுங்கள். 'உன் இழப்பு' என்று சொல்வதைவிட, அப்பா, ரவி, பாப்பா என்று அவர்கள் கூப்பிடும் பெயரையே சொல்வது ஆயிரம் மடங்கு மேல். ஒரு செய்தி இப்படி இருக்கலாம்: "நாளைக்கு அப்பாவோட நாள்னு ஞாபகம் இருக்கு. உன்னை நினைச்சுக்கிட்டு இருக்கேன். பதில் போடணும்னு இல்லை." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இறந்தவரைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒரு சம்பவம் உங்களிடம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். பறிகொடுத்தவருக்குப் புதிதாக ஒரு நினைவு கிடைப்பது மிக அபூர்வம்.

'இன்னுமா அதையே நினைச்சுக்கிட்டு இருக்கே', 'இன்னொரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிடும்' போன்ற பேச்சுகள் வேண்டாம். ஏதாவது தேவை என்றால் கூப்பிடு என்பதும் அவ்வளவாகப் பயன்படாது, கூப்பிடுகிற தெம்பு அவரிடம் இருக்காது. பிள்ளைகளைச் சாயங்காலம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

ஒரே வீட்டில் ஒருவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுவார், இன்னொருவர் காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். பிள்ளையை இழந்த தம்பதிகளிடம் இது பெரிய மனக்கசப்பாக மாறிவிடுகிறது. உனக்குப் பாசமே இல்லை என்ற வார்த்தை அன்றைக்குத்தான் வாயில் வருகிறது. முன்கூட்டியே இருவரும் பேசி, சேர்ந்து செய்ய ஒன்று, தனித்தனியாக இருக்கக் கொஞ்ச நேரம் என்று பிரித்துக்கொண்டால் அந்தச் சண்டையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். குழந்தைகளிடம் தேதியை மறைக்க வேண்டாம். பத்து நிமிடம் அழுதுவிட்டு விளையாட ஓடிவிடுவார்கள், அது அவர்கள் வழி. ஐந்து வயதில் புரியாதது பன்னிரண்டு வயதில் புரியும், அப்போது புதுக் கேள்விகளோடு வருவார்கள். பொய் கலக்காமல் பதில் சொல்லுங்கள்.

நினைவுநாளுக்கு மறுநாளைக் கிட்டத்தட்ட யாரும் கண்டுகொள்வதில்லை. அத்தனை நாள் இறுக்கம் தளர்ந்து உடம்பு வலிக்கும், ஒரு வெறுமை வரும், வந்தவர்கள் போயிருப்பார்கள். துக்கத்தில் இருப்பவர் அந்தக் காலைப்பொழுதில் வேலை வைத்துக்கொள்ளாமல் இருக்கட்டும். நண்பர்கள் அன்றைக்கும் ஒரு முறை போன் செய்து, நேற்று எப்படிப் போச்சு என்று கேளுங்கள். முதல் நாளில் பேச முடியாதவர்கள் பலர் மறுநாள் பேசுவார்கள்.